மாமியார் சொன்ன சீரியல்

சீரியல்களைப் பற்றி எனக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒருவர் கதவைத் தட்டினால் திறக்க மூன்று நாளாகும். அதற்குள் வீட்டிலிருக்கும் ஏழு பேர் முகத்தையும் இடிச்சத்தத்தோடு ஒரு சுற்று காட்டிவிடுவார்கள். ஒட்டியாணத்தோடு தூங்கும் பெண்களைப் பார்த்தால் எனக்கு இடுப்பு வலிக்கும். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மத்தியான சீரியலுக்கு மட்டும் அடிமையாக இருந்தேன். அதில் ஒரு காட்சியைக்கூட நான் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. வீட்டில் என் மாமியார், கைக்குழந்தையான என் மகளை மடியில் போட்டுக்கொண்டு சீரியல் பார்ப்பார். சாயங்காலம் நான் காப்பியோடு உட்கார்ந்ததும், கீழ்பென்னாத்தூரில் அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்த மல்லாட்டையை உரித்தபடியே அன்றைய கதையைச் சொல்வார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. நன்றாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் நல்லவன் சாகப்போகிறான் என்று தெரிந்தால் மட்டும் உலை வைக்க எழுந்து போய்விடுவார். பிறகு, "அவன் பொழச்சுக்கினான்" என்று முழுப்படம் பார்த்த எங்களிடமே சாதிப்பார்.

சீரியலில் வரும் பெண் பேங்கில் வேலை பார்க்கிறாள். குழந்தை பிறந்ததிலிருந்து வேலையை விடச் சொல்லிப் புகுந்த வீட்டில் நச்சரிக்கிறார்கள். என் கதையும் அதேதான். என் நாத்தனார் வரும்போதெல்லாம், "பச்சக் கொழந்தய வுட்டுட்டு அப்படி இன்னா ஆபீஸு?" என்பார். என் கணவர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார். மாமியார் மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம். அவரும் சொல்லிவிட்டால் மறுபேச்சுப் பேச என்னால் முடியாது. சொல்வதற்கு முன் நாமே விட்டுவிடலாம் என்று ராஜினாமாக் கடிதத்தைக்கூட டைப் அடித்து ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தேன். தேதி மட்டும் போடவில்லை.

அதனால் தினமும் என் முதல் கேள்வி, "அத்தை, அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டாளா?"

"எதுக்கு வுடணும்? மாமியாக்காரி கொழந்தய வாங்கிக்கினு, நீ போ, பஸ்ஸு வந்துடும்னு அனுப்பிட்டா."

கேட்டதும் எனக்கு ஒரு நாளைக்குத் தெம்பு வந்துவிடும். சீரியல்காரர்களில் ஒருத்தராவது உருப்படியாக எழுதுகிறாரே என்று மனதாரப் பாராட்டினேன்.

ஒரு பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் மழையில் நனைந்தபடி வீடு வந்தேன். மறுநாள் ஆபீஸில் காய்ச்சல் அடிக்க, மத்தியானமே திரும்பிவிட்டேன். டிவியில் அந்த சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பட்டுப்புடவையோடு அடுப்படியில் நிற்கிறாள். அவளுடைய மாமியார், "நீ வேலையை விட்டு ஆறு மாசமாச்சு. இப்பதான் இது வீடு மாதிரி இருக்கு" என்று பூரிக்கிறாள். பெண் காலில் விழுகிறாள்.

"அத்தை, அவ வேலைக்குப் போறான்னு நேத்துகூட சொன்னீங்களே?"

மாமியாரிடம் மாட்டிக்கொண்ட சாயலே இல்லை. "அந்தக் கத எழுதறவன் சரியில்லம்மா. கம்மியா யோசிக்கிறான். கொழந்த பொறந்தா படிச்ச படிப்பத் தூக்கிப் போட்டுடணுமா? அதான் உனக்குச் சொல்றப்ப நான் சரிபண்ணிச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இத எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?"

"நீ எங்க உன்னப் பத்திக் கேட்ட? தெனமும் அவளப் பத்திதானே கேட்ட!"

அந்தப் பெண்மேல் எனக்கு இன்றும் இரக்கம் உண்டு. பாவம், அவளுக்கு வாய்த்தது வேறு மாமியார்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டு ஆபீஸ் கிளம்பினேன். வறுத்த மல்லாட்டையைப் பொட்டலம் கட்ட மாமியார் காகிதம் கேட்டார். பையைத் திறந்து, தேதி போடாத அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.