அண்ணனின் சிவப்பு எண்ணெய்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் பாதையில் உள்ள ஒரு ஸ்பைஸ் கார்டனில், அதாவது சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் வாசனைத் திரவியத் தோட்டத்தில், என் அண்ணன் டொக்டர். படித்தது பத்தாம் வகுப்பு. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, சீகிரியாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்களைக் கறுவா மரத்தடியில் நிறுத்தி, முதுகுவலிக்கு என்று சிவப்பு எண்ணெய்ப் போத்தலை நீட்டுவார். அது பிழைப்பு, நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் டொக்டராகவே இருந்ததுதான் எரிச்சல்.

எனக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய் என்று முதலில் காட்டியது இரத்தப் பரிசோதனை. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். சின்னது, மெதுவாக வளர்வது. இப்போதைக்கு வெட்டவும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், ஒழுங்காக வந்து சோதனைக்கு இரத்தம் கொடுங்கள், வளர்ந்தால் அப்போது வைத்தியம் செய்யலாம் என்றார் கண்டி டொக்டர். குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் அண்ணனையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார்.

மருந்தே தராதவன் என்ன டொக்டர் என்று அண்ணன் சிரித்தார். பழப் பைகளோடு என்னைத் துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்களும் கூடவே சிரித்தார்கள். அந்தச் சோதனையில் விரல் விட்டுப் பார்ப்பார்கள் என்று எவனோ அவரிடம் சொல்லியிருக்கிறான்.

"என் பின்பக்கத்த நான் எவனுக்கும் காட்ட மாட்டேன் தம்பி. அதெல்லாம் மானங்கெட்டவனுக்கு."

மானங்கெட்டவன் நான்தான். முதலில் கையில் இரத்தம்தான் எடுப்பார்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். காதில் ஏறவில்லை.

போன வருடம் அவருக்கு இடுப்புவலி வந்தது. சிவப்பு எண்ணெயைத் தேய்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. கார்டனின் பின்கொட்டகையில் தேங்காயெண்ணெயில் சாயத்தைக் கலந்தவரே அவர்தான். தான் விட்ட கதையைத் தானே நம்பி, மாதக்கணக்கில் அண்ணியைத் தேய்க்க வைத்த முட்டாள். கடைசியில் வெள்ளைக்காரர்கள் முன்னால் கறுவா மரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்தவரால் எழும்ப முடியவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அவருக்கும் அதே புற்றுநோய்தான், எலும்புக்குப் பரவிவிட்டது. இனி முற்றாகக் குணமாக்க முடியாது, ஊசியும் குளிசையும் கொடுத்துக் கொஞ்சக் காலம் கட்டுப்படுத்தி வைக்கலாம் என்றார்கள்.

முதல் ஊசிக்கு நானும் கூடப் போனேன். அவர் மூஞ்சிக்கு நேரே கேட்பதற்கென்று நிறைய வைத்திருந்தேன். என் மகள் வயதுத் தாதி, சாரத்தை இறக்கிவிட்டுத் திரும்பிப் படுக்கச் சொன்னாள். அண்ணன் மறுபேச்சு இல்லாமல் திரும்பிப் படுத்தார். சுவரைப் பார்த்தபடியே அந்தப் பிள்ளையிடம் கேட்டார்:

"ரொம்ப வலிக்குமா டொக்டர்?"

ஊசி போட்டு முடிந்ததும் சாரத்தை நானே மேலே இழுத்துவிட்டேன்.