சதுரத்துக்குள் போன என் கை

இருபது வருடம் நர்சரியில் வேலை பார்த்தவன் நான். மர்பி டவுனில் வீடு, படிப்பு பத்தாவது. செடிகளின் பெயர் தெரியும், மனிதர்களிடம் பேசத்தான் வராது. இரண்டும் தெரிந்துதான் மல்லேஸ்வரத்து மேடம் என்னை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். செடி கொடிகளைக் கணக்கெடுப்பது அவர் தொழில்.

அன்று போனது வைட்ஃபீல்டைத் தாண்டி, மூடிப்போன ஒரு கல்குவாரிக்கு. கல் எடுத்த சரிவில் மண் கொட்டி, விதை தூவி, மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. எத்தனை வகை பிடித்திருக்கிறது என்று மேடம் எழுதித் தர வேண்டும். வகை குறைந்தால், விதைத்த மேஸ்திரியம்மாவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் அடுத்த சரிவில் வேலை கிடையாது. மேஸ்திரியம்மா கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். காலையிலிருந்து எங்கள் பின்னாலேயே நடந்தார்.

மேடம் குறித்துத் தரும் இடத்தில் பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டத்தை நான் வைப்பேன். அதற்குள் முளைத்த வகைகளை அவர் உட்கார்ந்து எண்ணுவார். மேல் சரிவில் ஒன்பது, பதினொன்று என்று வந்தது.

மேடத்துக்கு ஃபோன் வந்தது. "கீழ நாலு இடம் இருக்கு. நீங்க முன்னால போய் வெச்சிடுங்க" என்று இடம் குறித்த சீட்டைக் கொடுத்தார். வைத்தேன். ஃபோன் பேச்சு நீண்டது. ஒவ்வொரு சட்டத்தின் பக்கத்திலும் சற்று நேரம் குந்தியிருந்தேன்.

பிறகு மேடம் வந்து எண்ணினார். மூன்று. இரண்டு. மறுபடி இரண்டு. நாலாவதிலும் மூன்றுதான்.

"என்னம்மா, கீழ வரும்போது விதை தீர்ந்துபோச்சா?"

"சத்தியமா தூவினேன் மேடம். கொழுஞ்சி, ஆவாரை எல்லாம் என் கையால போட்டது."

"கையால போட்டது மண்ணுல இல்லையே."

அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் பச்சை. சட்டத்துக்கு வெளியே சின்னக் குவியல், வேர் மேலே பார்த்தபடி. நாலு சட்டத்துக்கும் நாலு குவியல். நர்சரியில் சும்மா உட்கார மாட்டோம். நடுவில் இருக்கும் செடியை விட்டு, சுற்றியுள்ள களையைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேர் வெயிலில் காயும்படி ஓரமாகப் போடுவோம். அதையே இங்கும் செய்திருக்கிறேன். செய்தது எனக்கே தெரியவில்லை.

காலால் ஒரு தள்ளு தள்ளினால் பள்ளத்தில் போய்விடும். யாரும் பார்க்கவில்லை. மேடம் பேனாவைத் திறந்துவிட்டார். மேஸ்திரியம்மா என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு குவியலை அள்ளி மேடத்தின் தாள்மேல் வைத்தேன்.

"என்ன இது?"

"பிடுங்கிட்டேன் மேடம். களைன்னு நெனச்சு, கை தானா..."

வாடிய கொழுஞ்சிக் கன்று ஒன்றை அவர் விரலால் பிரித்தார்.

"களையையும் சேர்த்துத்தானே எண்ண வந்திருக்கோம்."

"பிடுங்கினதைச் சேர்த்து எண்ணிக்கலாமே மேடம்?" என்றார் மேஸ்திரியம்மா.

"எது உள்ள இருந்தது, எது வெளிய இருந்ததுன்னு இவருக்கே தெரியாதும்மா."

உண்மைதான். எனக்குத் தெரியாது. மேடம் நாலையும் அடித்துவிட்டு வேறு நாலு இடம் குறித்தார். "எவ்வளவு வருதோ அதத்தான் எழுதுவேன்" என்றார்.

மேஸ்திரியம்மா என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கையில் தண்ணீர் கேனையும் மறு கையில் தன் சாப்பாட்டுத் தூக்கையும் திணித்தார். "புடிச்சுக்கங்க அண்ணா. கீழ வெச்சீங்கன்னா அப்புறம் இருக்கு. சட்டத்த நான் வெக்கிறேன்."

"நீங்களும் வெக்கக் கூடாது" என்று மேடமே எடுத்துப் போனார்.

முதல் சதுரத்தில் ஐந்து. மேஸ்திரியம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. இரண்டாவதில் எட்டு. மூன்றாவதில் ஏழு. கடைசியில் மேடம் பெயர்களைச் சத்தமாகவே சொன்னார்: தும்பை, கொழுஞ்சி, கீழாநெல்லி, குப்பைமேனி. ஒவ்வொரு பெயருக்கும் தூக்கின் கைப்பிடியை இறுக்கினேன். ஒன்பதில் நிறுத்தினார்.

"மேலே இருக்கறதவிட கம்மிதான். ஆனா போதும்."

மேஸ்திரியம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கழித்துத் தூக்குக்குக் கை நீட்டினார். "இப்ப குடுங்க அண்ணா, பசிக்குது."

தூக்கைக் கொடுத்தேன். கேனை வண்டி ஏறும்வரை கீழே வைக்கவில்லை.