மூன்றாவது 'வேண்டாம்'

அமெரிக்காவின் வடக்கே இருக்கும் டுலூத் நகரில் ஆர்லன் டோலெஃப்சனைப் போல மரியாதை தெரிந்த கடனாளி வேறு யாரும் இருக்க முடியாது. கடனைக் கேட்டுத் தொலைபேசியில் கூப்பிடுகிறவரிடமே, சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பான்.

டூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிக்கக் கற்றுக்கொள்ள அரசாங்கக் கல்விக் கடன் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்தவன் அவன். இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் கூரையில் பனி தள்ளப் போய், பனிக்கு முன்னால் அவனே கீழே வந்து சேர்ந்தான். முதுகெலும்பு போயிற்று. ஒரு பன்றிக்குட்டியின் கனமுள்ள டூபாவை அதன்பின் தூக்க முடியவில்லை. ஊனமுற்றோருக்கான மாத உதவித்தொகையில்தான் வாடகையும் சாப்பாடும்.

ஒருநாள் டெக்ஸாஸிலிருந்து டிராவிஸ் என்ற வசூல்காரர் கூப்பிட்டார். கடனுக்காக அந்த உதவித்தொகையையே பிடித்துவிடுவார்கள் என்றார். அதற்குப் பதில் மாதம் நாற்பது டாலர் அவனாகவே கட்டிவிடலாமே, உடனே ஏற்பாடு செய்து தரட்டுமா என்று கேட்டார்.

 ஆர்லன் ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் கேக் துண்டை நீட்டினால்கூட இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் முறைதான் வாங்குவோம். எடுத்த எடுப்பில் கை நீட்டுகிறவனைப் பேராசைக்காரன் என்பார்கள். அதனால், "வேணாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான். டிராவிஸ் மறுபடி கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது கேள்விக்காக ஆவலோடு காத்திருந்தான்.

"சரி சார், மறுத்துட்டீங்கன்னு எழுதிக்கிறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

இப்படி ஒரு நாகரிகமில்லாத மனிதரா என்று ஆர்லன் திகைத்துப் போனான். பள்ளிப் பேருந்து ஓட்டும் அக்கா வெர்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, திரும்பக் கூப்பிட்டு ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அவள் அவனைத் தடுத்து, இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போன் செய்து விசாரித்தாள்.

"டேய், வேலை பார்த்து வரி கட்டினவங்களுக்கு ஊனமாயிட்டா ஒரு தொகை வருதே, அதுலதான் அரசாங்கக் கடனுக்கு ஒரு பங்கைப் பிடிக்கச் சட்டம் இருக்காம். உனக்கு வர்றது வசதியில்லாதவங்களுக்குத் தர்றது. அதுல யாரும் கை வைக்க முடியாது. நீயாத் தூக்கிக் குடுத்தாத்தான் உண்டு."

"கேட்டா எப்படிக்கா இல்லேங்கிறது?"

"வாயாலதான்."

இனி வேலை செய்ய முடியாத உடம்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கடனையே தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போடலாம் என்றும் மையத்தில் சொல்லியிருந்தார்கள். ஆர்லனின் காதில் அது ஏறவில்லை.

மறுவாரம் டிராவிஸ் மீண்டும் கூப்பிட்டு, மனசு மாறிவிட்டதா என்று கேட்டார். இது மூன்றாவது கேள்வி. ஆர்லனுக்கு வியர்த்தது. மூன்றாம் முறை கேட்கும் ஒருவரிடம் அவன் வாழ்நாளில் மறுத்ததே இல்லை. வெர்னா எதிரே நின்று முறைத்தாள்.

"வேண்டாங்க" என்றான். குரல் டூபாவின் அடி சுரத்தில் வந்தது. "நிஜமாவே வேண்டாம்."

சொன்னதும் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. டெக்ஸாஸில் மழை உண்டா என்று கேட்டான். ஏரியில் பனி உருகிய விதத்தைச் சொன்னான். விடைபெற்றான், விடைபெற்ற பிறகு டிராவிஸ் வீட்டில் நாய் உண்டா என்று விசாரித்தான். அரை மணி நேரம் கழித்து டிராவிஸ், "சார், தயவுசெஞ்சு வச்சிடுங்க" என்று கெஞ்சிவிட்டுத் தானே துண்டித்தார்.

"பாவம்க்கா, கோவிச்சுக்கிட்டாரோ? கூப்பிட்டு ஒரு மன்னிப்பு…"

வெர்னா தொலைபேசியைப் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் போகலாம் கிளம்பு என்றாள்.