கண்ணில் இட்ட சந்தனம்

சாணார்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியன். அறிவியல் ஆசிரியை மகப்பேற்று விடுப்பில் சென்றபோது, அவர் அப்போதுதான் தொடங்கியிருந்த ரோபோ குழுவின் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மூவர். கருவிகளைப்பற்றி நான் அறிந்தது ஏதுமில்லை. வினாத்தாள் கட்டுகள் அடைந்துகிடந்த அறையை ஒழித்துக் கொடுத்ததும் அதன் சாவியைக் காத்ததுமே என் பங்கு. அறையைத் தரும்போதே தலைமையாசிரியை சொல்லியிருந்தார்: "மாவட்டப் போட்டியில மொதச் சுத்தையாவது தாண்டட்டும் சார். இல்லன்னா ரூமை நான் எடுத்துக்கிருவேன்."

பிள்ளைகள் செய்தது, தடையைக் கண்டால் தானே விலகிச் செல்லும் சிறு வண்டி. அதன் முகப்பில் கம்பிவலை மூடிய வட்டக் கண்கள் இரண்டு. ஒன்று ஒலியை அனுப்பும். எதிரில் பட்டுத் திரும்புவதை மற்றொன்று வாங்கும். அதற்குக் கணினி நிரல் எழுதியவள் மூவரிலும் குறைவாகப் பேசுபவள்.

போட்டிக்குத் திண்டுக்கல் புறப்பட்ட காலையில், ஆயுத பூசையன்று பேருந்தின் முகப்பு விளக்குகளுக்குப் பொட்டிடும் நினைப்பில், சந்தனத்தைக் குழைத்து அவ்விரு கண்களிலும் அப்பினேன்.

"ஐயா, கண்ணுல வேணாங்கய்யா" என்றாள் நிரல் எழுதியவள்.

"நல்ல காரியத்துக்குக் கெளம்பும்போது வேணாம்னு சொல்லாதம்மா."

"பஸ்ஸுக்கே வைக்கிறாக. ஓன் வண்டி என்ன அம்புட்டுப் பெருசாக்கும்?" என்று தோழி இடித்தாள்.

வழியெல்லாம் நிரல் எழுதியவள் துப்பட்டா நுனியால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேலே இருந்தது போயிற்று. வலைக்குள் இறங்கியது உலர்ந்து இறுகிவிட்டது.

அரங்கில் வண்டி முதல் அட்டைப்பெட்டியிலேயே நேராக மோதி நின்றது. நடுவரின் முன்னிலையில் நான் அவளைக் கடிந்தேன்: "நேத்து ஓடுச்சே! எதையாச்சும் மாத்தித் தொலைச்சியா?"

"இல்லங்கய்யா."

நடுவர் வண்டியை எடுத்து வலையை நகத்தால் தட்டினார். மஞ்சள் துகள் உதிர்ந்தது. "சந்தனமா? யாரு வச்சது? குழுவுல இல்லாதவங்க கை பட்டிருந்தா, பொறுப்பாசிரியர் சொல்லட்டும், இன்னொரு தடவ ஓட்டலாம்."

சுற்றிலும் பிற பள்ளி ஆசிரியர்கள் நின்றிருந்தனர். தமிழ் ஐயா எந்திரத்துக்குப் பொட்டு வைத்தாராம் என்னும் சிரிப்பு, எழுமுன்பே என் காதில் விழுந்துவிட்டது. குனிந்து, மூடியே இருந்த பையை மீண்டும் மூடினேன். அவள் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள்.

"நாங்கதான் சார் வச்சோம்" என்றாள்.

அடுத்த குழுவை அழைத்தார்கள்.

திரும்பும் பேருந்தில் பின்னிருக்கையிலிருந்து குரல் கேட்டது: "நாங்கன்னு ஏன்டி சொன்ன, லூசு?" "சும்மா வாடி." நான் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்களன்று தலைமையாசிரியை சாவியைக் கேட்டார். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "பொட்டு வச்சதுக்குப் போயி யாராச்சும் வருத்தப்படுவாகளா சார்? சாமி காரியந்தான?" பொட்டு வைத்ததல்ல, நடுவர் கேட்டபோது பேசாதிருந்ததே பிழை என்றேன். "அட விடுங்க சார்" என்று கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

வினாத்தாள் கட்டுகள் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் வண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குரலில் சினம் இல்லை.

"அங்கனயே சொல்லிருக்கலாம்லங்கய்யா."

அவள் போக வழிவிட்டு, சுவரோடு ஒதுங்கி நின்றேன்.