தலைமையகம் பேசாத காலை

பேராசிரியர் இராசநாயகம் இறந்த செய்தியை, அவருடைய உதவியாளர் சுதன்தான் அன்புவழிபுரத்திலிருக்கும் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "மிஸ், சேர் கதிரையிலேயே சரிஞ்சு கிடந்தவர். நாங்கள் அதுவும் பயிற்சியில ஒரு பகுதியெண்டு நினைச்சிட்டம்." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அவரோடு வேலைசெய்த உங்களுக்கு அந்தப் பயிற்சி தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலில் சிதறி நிற்கும் போர்க்கப்பல்களில் முடிவை யார் எடுப்பது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. துறைமுகம் தெரியும் அந்தக் கட்டடத்தில் ஆளுக்கொரு அறை. நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு கப்பலின் கப்டன், அவர் தலைமையகம். அறைகளுக்கிடையே தொலைபேசி மட்டும். யார், எப்போது, எதை முடிவெடுத்தார் என்பதைக் கணினியில் மாதிரியாக்குவோம்.

"முடிவெடுக்கிற உரிமை பரவலா இருக்கவேணும்" என்று மேடைக்கு மேடை பேசினார். ஆனால் எங்கள் அறை யன்னலைத் திறக்கவும் அவரைக் கேட்கவேண்டும். தேநீருக்கு எவ்வளவு சீனி என்பதும் அவர் சொன்னபடிதான்.

தலைமையகம் பேசாமல் போனால் பக்கத்துக் கப்பல் தானே முடிவெடுக்கலாம் என்று ஒரு விதியை நான் மாதிரியில் சேர்த்தேன். அன்றுதான் கணினியின் எதிரிக் கப்பல்களை எங்கள் பக்கம் முதன்முதலாக வென்றது. எல்லோர் முன்னிலையிலும் அவர் அந்த விதியை அழித்தார்.

"நான் பேசாமல் இருந்தால் அதுக்கும் காரணம் இருக்கும். கட்டளை வராட்டி நிக்கவேணும்."

"உங்களுக்கு ஏதும் நடந்தால், சேர்?"

"எனக்கு ஒண்டும் நடவாது."

நான் வேலையை விட்டேன். அதன்பிறகு, வேண்டுமென்றே பேசாமலிருந்து, அசைந்தவர்களைப் பிடித்து ஏசுவதை வழக்கமாக்கிக்கொண்டாராம்.

கடைசி நாள் காலையிலும் தலைமையகத்திலிருந்து பேச்சு வரவில்லை. சுதனுக்கும் அவருக்கும் இடையில் ஒரு கதவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவர் எழும்பாதபோதுதான் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். நேரத்தோடு திறந்திருந்தால் ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோயிருக்கலாம். கட்டளை வராவிட்டால் அசையாமலிருக்க அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருந்தார்.

செத்தவரைப் பற்றி இப்படியா எழுதுவது என்று கேட்பீர்கள். மந்தப் புத்திக்காரராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். அவருக்கு எல்லாம் தெரியும். அதுதான் பொறுக்க ஏலாமல் இருக்கிறது.

"இனி என்ன செய்யிறது, மிஸ்?" என்று சுதன் அழுதுகொண்டே கேட்டார்.

"நான் வரும்வரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் செய்யாதேங்கோ" என்றேன்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று விளங்கியது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.