கூரை ஸ்பீக்கரில் பெய்த மழை

என் வீட்டுக்காரருக்கு சினிமா என்றால் உயிர். வேம்பார் பக்கம் எங்களுக்கு உப்பளம் இருந்தது. வேலை முடிந்ததும் கைகாலைக் கழுவிவிட்டு, என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் படம் பார்க்க வந்துவிடுவார். மறதி நோய் வந்த பிறகு உப்பளத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கே குடிவந்தோம். கடைசியாகத் தியேட்டருக்குப் போனபோது பாதிப் படத்தில் எழுந்து இருட்டில் நடக்க ஆரம்பித்தார். பின்சீட்டில் இருந்தவன் திட்டினான். அவனை நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அதற்குள் என்னையே அவருக்கு அடையாளம் தெரியாமல் போயிருந்தது. ஓயாமல் “ஏளா, ஏளா” என்று கூப்பிட்ட வாய், “கொஞ்சம் தண்ணி தாங்கம்மா” என்று மரியாதையாகக் கேட்கும். பாழாய்ப்போன மரியாதை. வீட்டிலேயே தியேட்டர் வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும்போதாவது என் நினைப்பு வராதா என்று அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி எங்களைச் சோபாவில் உட்காரவைத்தார். “சரவுண்ட் ஸ்பீக்கர் காது உயரத்துல, கொஞ்சம் பின்னால தள்ளி இருக்கணும்க்கா.”

“பின்னால எவனாவது பேசினா இவரு திரும்பித் திரும்பிப் பாப்பாரு. ரெண்டு பக்கமும் நேரா வையிங்க.”

“சரி. தலைக்கு மேல? கூரையில பதிக்கிறதும் இருக்கு. முன்னால வச்சு, சத்தம் கூரையில பட்டுத் திரும்புறதும் இருக்கு.”

“மேல எதுக்கு? ஆகாசத்துலயா நடிக்கான்?”

கடைக்காரத் தம்பி சிரித்துவிட்டு, “ஒரு தடவ கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்று பொத்தானை அமுக்கினார். கூரையிலிருந்து மழை கொட்டியது.

என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்தார். “ஏளா, மழைளா. அம்பாரம் நனையப் போவுது. வா.”

அம்பாரம் என்றால் வாரிக் குவித்த உப்பு. நாலு தூறல் விழுந்தாலே போட்டது போட்டபடி ஓடி, ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்து மூடுவோம். அவர் சோபாவின் விரிப்பை உருவி ஒரு முனையை என்னிடம் நீட்டினார். “அங்கன பிடி. காத்து தூக்கிரும், நல்லா இழு.” நான் இழுத்தேன். அந்த ஏசி அறையில் இரண்டு பேருமாகச் சோபாவை மூடினோம். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. மழைச் சத்தம் நின்றதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

“கூரையிலயே பதிச்சிருங்க தம்பி. எத்தன ஓட்ட வேணும்னாலும் போட்டுக்கோங்க” என்றேன்.

வீட்டில் மாட்டிய பிறகு, தினமும் காலைப் பலகாரம் முடித்து அந்த மழைச் சத்தத்தைப் போடுவேன். “ஏளா” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்தேன். ஆனால் வீட்டில் மூடுவதற்கு உப்பு ஏது? அறை அறையாகத் தேடுவார். “எங்கன போச்சு அம்பாரம்?” என்று வியர்க்க விறுவிறுக்க அலைவார். ஒருநாள் தரையில் உட்கார்ந்து, “எல்லாம் கரைஞ்சு போச்சே ஏளா” என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றைக்கே கடைக்காரரை வரவழைத்து, மேல் ஸ்பீக்கருக்குப் போகும் வயரைக் கழற்றச் சொன்னேன்.

“ஏங்க்கா, கோளாறா?”

“கோளாறு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கேக்குது. கழத்துங்க.”

பக்கத்து ஸ்பீக்கர்கள் போதும் என்று அதிலேயே படம் பார்த்தோம். சிரிப்பு வரும் இடத்தில் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்ததா என்று மரியாதையாகத் திரும்பிப் பார்ப்பார்.

ஐப்பசியில் நிஜ மழை பிடித்தது. அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொடியில் கிடந்த துணியை எடுக்க முற்றத்தில் இறங்கியவள், எடுக்காமல் அவரைப் பார்த்தபடி மழையிலேயே நின்றேன். இப்போது எழுந்திருப்பார், கூப்பிடுவார் என்று மனசு அடித்துக்கொண்டது. அவரும் என்னைத்தான் பார்த்தார்.

“நனையாதீங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க” என்றார். “எம் பொண்டாட்டி உப்பு மூடப் போயிருக்கா. இப்ப வந்துருவா.”

நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.