லிஃப்டுக்குள் ஏறிய தண்ணீர்

சில வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம். நாவலூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. மூன்று நாளாக விடாத மழை. கணவர் அலுவலக வேலையாக வெளிநாட்டில் இருந்தார். ஆறாவது மாடி வீட்டில் நானும் என் நாலு வயது மகளும் மட்டும்.

காலை பத்து மணி இருக்கும். பேஸ்மென்ட்டில் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது, கார் வைத்திருப்பவர்கள் உடனே எடுத்துவிடுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மகள் கார்ட்டூனில் மூழ்கியிருந்தாள். காரை எடுத்து வெளியே நிறுத்த ஐந்தே நிமிடம்தானே என்று நினைத்து, அவளிடம் சொல்லிவிட்டு, கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். அந்த முடிவுக்காக இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

இரண்டாவது மாடியில் லிஃப்ட் நின்றது. குடியிருப்பில் துப்புரவு வேலை செய்யும் அக்கா, கையில் மாப் கட்டையோடு ஏறினார். பேஸ்மென்ட்டில் இருக்கும் பினாயில் கேன்களைத் தண்ணீர் வருமுன் மேலே கொண்டுவரப் போவதாகச் சொன்னார். அவருக்குத் திருப்போரூர் பக்கம் ஒரு கிராமம். முன்பு அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அவருடைய கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தார்.

"இந்த மழையில எப்படிக்கா வந்தீங்க?" என்றேன்.

"சிறுசேரி வரிக்கும் பஸ்ஸு மேடம், அப்பால நடைதான். வூட்டுல வேற ஷீட்டு ஒழுகுது. ஆனா அவரு படுத்துகினு கீற மூலை மட்டும் காஞ்சி கீது. ஸ்தோத்திரம்!" என்று சிரித்தார்.

எதற்கெடுத்தாலும் அவருக்கு ஸ்தோத்திரம்தான். நானும் கிறிஸ்தவள்தான். நாகர்கோவில் பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம் தவறாத குடும்பம். ஆனாலும் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு எரிச்சல் எட்டிப் பார்க்கும். இத்தனை கஷ்டத்தில் நன்றி என்ன வேண்டிக்கிடக்கிறது, பாவம் வெகுளி என்று நினைத்துக்கொள்வேன்.

லிஃப்ட் பேஸ்மென்ட்டைத் தொட்ட நொடியில் விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. கதவு இரண்டு விரல் அளவு திறந்து, அப்படியே நின்றுவிட்டது. மின்கசிவுக்குப் பயந்து காவலாளி மெயினை அணைத்திருக்கிறார் என்பதும், நாங்கள் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. சாக்கடையும் டீசலும் கலந்த நாற்றம். அலாரப் பொத்தானை அழுத்தினேன், சத்தமே இல்லை. போனில் சிக்னல் இல்லை. டார்ச்சை மட்டும் போட முடிந்தது. இருவரும் கதவின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். நகங்கள் பிய்ந்ததுதான் மிச்சம். அதற்குள் கணுக்கால் நனைந்திருந்தது.

தொண்டை கிழியக் கத்தினேன். வெளியே கார் இறங்கும் சரிவில் தண்ணீர் பாயும் இரைச்சல்தான் பதிலாகக் கேட்டது. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால், சிறுவயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த ஜெபங்களில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. மகள் முகம்தான் வந்தது. கரண்ட் போய், டி.வி. அணைந்து, வீட்டில் தனியாக என்ன செய்துகொண்டிருப்பாள்? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் கதவை யார் போய்த் திறப்பார்கள்?

அக்கா மாப் கட்டையால் லிஃப்டின் சுவரில் டம் டம் என்று தட்ட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே சபையில் பாடுகிற ஒரு பாட்டை உரக்கப் பாடினார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. எனக்கு வெறியே வந்துவிட்டது.

"அக்கா, பாட்ட நிறுத்துங்க! என் பிள்ளை மேல தனியா இருக்கா!"

அவர் நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, முதல்முறையாக என்னை ஒருமையில் அழைத்துப் பேசினார். "பாப்பா ஆறாவது மாடில கீது. தண்ணி அங்க ஏறாது. கதவு பூட்டிகினு கீது, வெளிய வராது. மொதல்ல அதுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லு யம்மா."

சொன்னேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் சொன்னேன்.

"எனக்கு கை நல்லா கீது, தட்ட முடியுது. ஸ்தோத்திரம். ஒண்டியா மாட்டிக்கல, கூட நீ கீற. ஸ்தோத்திரம்." கட்டையை ஓங்கித் தட்டினார். "மூணு நாளா மழையில துணி தோய்க்கவே முடியல. இன்னிக்கு ஆளோட சேத்து ஊற வெச்சிட்டாரு பாரு ஆண்டவரு!"

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு ஒரு விக்கல் போல வந்தது. வந்த வேகத்தில் அழுகையாக மாறியது. என் மணிக்கட்டை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறு கையால் தட்டுவதை விடவில்லை. கை சோர்ந்தபோது கட்டையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் பாடினார். ஒரு கட்டத்தில் நானும் பாடினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. போன் வெளிச்சத்தில் என் மூச்சு புகை மாதிரி தெரிவதாக எனக்கு ஒரு பிரமை.

திடீரென்று மேலேயிருந்து ஒரு குரல். "யாருப்பா அது? லிஃப்ட்லயா கீறீங்க?"

காவலாளியின் குரல். மணல் மூட்டை எடுக்க வந்தவர், தரைத்தளத்து லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து பாட்டும் தட்டலும் கேட்டு நின்றிருக்கிறார். எலக்ட்ரீஷியனை மொட்டைமாடிக்கு ஓடவிட்டார். அங்கே லிஃப்ட் மோட்டாரில் இருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றினால் லிஃப்ட் மேலே ஏறுமாம். சற்று நேரத்தில் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கியது. விழப்போகிறது என்று அக்காவைக் கட்டிக்கொண்டேன். ஆனால் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியே கொட்டத் தொடங்கியது. இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து கணுக்கால். தரைத்தளத்தில் கடப்பாரையால் கதவை நெம்பி எங்களை வெளியே இழுத்தார்கள்.

ஆறு மாடியையும் எப்படி ஏறினேன் என்று ஞாபகமில்லை. கதவைத் திறந்தால், மகள் வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதுகில் பள்ளிக்கூடப் பை, காலில் செருப்பு. "கரண்ட் போச்சு, நீ வரல. நானே வரலாம்னு பாத்தேன், கதவு திறக்கல" என்றாள். கதவு திறந்திருந்தால் அவள் எங்கே இறங்கிப் போயிருப்பாள் என்று நினைத்தபோது, அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவை வீட்டுக்குள் அழைத்து மாற்றுத்துணி கொடுத்து, டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரை வாங்கிய அவர் கை அப்படி நடுங்கியது. பாதி டீ தட்டில் சிந்திவிட்டது.

"உங்களுக்குப் பயமே இல்லன்னு நினைச்சேன்க்கா" என்றேன்.

"யாரு சொன்னா? உசுரே போயிடிச்சி எனக்கு. நான் போயிட்டா அவர யாரு பொரட்டிப் படுக்க வெப்பா? அதான் நெனப்பு. வாயச் சும்மா வெச்சிகினு இருந்தா பயம் உள்ள பூந்து உக்காந்துக்கும். அதான் கீறதை எல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிகினு இருந்தேன். அவரு படுக்கையில வுழுந்த நாள்லருந்து அப்படித்தான் ஓட்டறேன்."

வெகுளி என்று நான் நினைத்திருந்த மனுஷி, மூன்று வருடமாகத் தினமும் பயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பத்திரமான வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான்தான் எதையும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இன்றும் மழை வலுத்தால் என் நெஞ்சு படபடக்கும், லிஃப்ட் பக்கமே போகமாட்டேன். ஆனால் அந்த நேரங்களில் எனக்கு மிச்சமிருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கடவுளுக்கு நன்றி சொல்லத் தொடங்குவேன், பயம் போய்விடுவதில்லை என்றாலும் அதன் நடுவே நிமிர்ந்து நிற்க முடிகிறது.